அடெல்ஹைட் கப்பலின் மாதா

அத்தியாயம் எட்டு

போலி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு மரச்சிலையை எரிப்பதற்காக ஒரு மனிதன் அறுநூறு கிலோமீற்றர் வண்டி ஓட்டி வருவானா?

கார் ஓட்டிக்கொண்டிருந்த லவினியா இதை வாய்விட்டே கேட்டாள். பக்கத்து ஆசனத்தில் மீன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த தீபக் யோசிக்கவே இல்லை.

"எரிக்க வரமாட்டான் மேடம். எரிஞ்சு சாம்பலாயிடுச்சான்னு செக் பண்ண வருவான்."

லவினியா சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கொலோனில் நவம்பர் மழை காலையிலிருந்தே விடாமல் பெய்தது. நீல் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் லொறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நண்பகலுக்கு அந்தத் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றிலிருந்து சிலை வெளியே போகிறது. அது போய்விட்டால் யூட்டின் கதை முடிந்தது.

யூட் மன்னார்க்காரன். ஒற்றை வான் வைத்து, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவன். வார்னெமுண்டெ என்ற பால்டிக் கடலோர ஊரில் மூழ்கிய கப்பல்களின் பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஹென்னிங் ப்ராண்ட் என்பவர், போன ஜூன் மாதம் அவனைக் கூப்பிட்டு, ஒரு மாதா சிலையைக் கொலோனில் அதை விலைக்கு வாங்கிய தேவாலய அறக்கட்டளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். யூட் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினான். பெட்டியைத் திறந்த நிபுணர் மரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது இந்தப் பக்கத்து மரமே இல்லை, வெப்ப நாட்டு மரம் என்றார். ப்ராண்ட் உடனே கையை விரித்தார். தான் அனுப்பியது உண்மையான சிலை என்றும், வழியில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்லி, காப்புறுதிப் பணத்தையும், எரித்துவிடுவதற்காக அந்தப் போலியையும் கேட்டார். வழியில் சிலையோடு இருந்தவன் யூட் மட்டும்தான்.

இப்போது யூட் ஒசன்டோர்ஃப் சிறையில் விசாரணைக் கைதி. குடியுரிமைக்கு அவன் போட்டிருந்த விண்ணப்பம் அலுவலகத்தில் அப்படியே கிடக்கிறது. தண்டனை விழுந்தால் விசாவும் பறிபோகும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மன்னார்ப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவன் மனைவி அன்ரனிற்றாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள்தான் லவினியாவைத் தேடி வந்தவள். லவினியா யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் பிறந்தவள். ஜேர்மனிக்கு வந்து காப்புறுதிக் கொம்பனிகளுக்கு மொழிபெயர்க்கப் போய், மொழிபெயர்த்த பொய்களை எண்ணிச் சலித்து, பூக்கடை ஒன்றின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள். தீபக் சென்னைக்காரன். எர்லாங்கனில் மேற்படிப்புக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டவன். கம்ப்யூட்டர் வேலைக்கு என்றுதான் அவனைச் சேர்த்தாள். வாயும் கூடவே வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"அந்தப் புத்தகத்தில கப்பல் கதையை இன்னொருக்கா வாசி," என்றாள்.

தீபக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ப்ராண்ட் அச்சடித்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை விரித்தான். அட்டையிலேயே மாதா நின்றாள். நீல மேலாடை, கூப்பிய கை, காலடியில் சுருண்டு கிடக்கும் பாம்பு.

கதை இதுதான். 1908 ஒக்டோபர். 'அடெல்ஹைட்' என்ற நீராவிக் கப்பல் ஸ்டெற்றினிலிருந்து ரீகாவுக்குப் புறப்பட்டது. கொட்லாந்து தீவுக்குக் கிழக்கே பால்டிக் கடலில் மூடுபனி. மரம் ஏற்றி வந்த பாய்க்கப்பல் ஒன்று அதன் விலாவில் மோதியது. கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்ததால் மறுபக்கத்துப் படகுகளை இறக்கவே முடியவில்லை. இறக்கிய படகுகளிலும் எல்லோருக்கும் இடமில்லை. ஏறித் தப்பியவர்கள் பனிக்குள் எதையும் காணவில்லை. கப்பலில் மிச்சமிருந்தவர்கள் மாதா பாட்டுப் பாடியது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ரீகாவின் ஒரு தேவாலயத்துக்குப் போகவிருந்த மாதா சிலை, அந்தப் பாட்டைப் பாடியவர்களோடு கடலடிக்குப் போனது. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்குப் பிறகு, ப்ராண்ட் முக்குளித்துப் போய் அவளை மேலே கொண்டுவந்தார்.

பாட்டு நின்ற இடத்தை வாசிக்கும்போது தீபக்கின் குரலும் கொஞ்சம் தாழ்ந்தது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"ஆளுக்கேத்த போட் இல்லாம டிக்கெட் மட்டும் வித்திருக்காங்க. அப்பவும் கம்பெனின்னா கம்பெனிதான்."

"செத்த சனத்தின்ர பாட்டையும் சேர்த்து விக்கிறான் இவன்," என்றாள் லவினியா. அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

நேற்று அன்ரனிற்றா சொன்னவற்றை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மே மாதம், கடலிலிருந்து வந்த மாதாவைப் பார்க்கவென்று மக்டலீன் அக்கா பஸ் பிடித்து, கொலோன் தமிழ்ச் சனத்தை வார்னெமுண்டெவுக்குக் கூட்டிப் போனாள். வேதக்காரரோடு சைவக்காரரும் போனார்கள். மாதா என்றால் எங்கள் சனம் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது என்று பலகை வைத்திருந்தது. அங்கேதான் ப்ராண்ட் யூட்டோடு பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்றதும் மறுபடி சொல்லச் சொன்னார். கடற்கரையா என்று விசாரித்தார். வான் வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் தன்னுடைய கார்ட்டைக் கொடுத்தார். பெரிய பெரிய போக்குவரத்துக் கொம்பனிகள் இருக்க, ஒற்றை வான்காரனுக்கு இந்த வேலை ஏன் வந்தது என்று யூட் அப்போதே வியந்தானாம்.

கடைசியில் அன்ரனிற்றா ஒரு வார்த்தை சொன்னாள். "நான் ஒண்டையும் தொடேல்லை அக்கா." தொட்டாயா என்று லவினியா கேட்கவே இல்லை.

*

களஞ்சியத்து வாசலில், வார்னெமுண்டெ பக்கத்து ரொஸ்டொக் இலக்கத் தகட்டோடு ஒரு வெள்ளை வான் பின்கதவுகள் திறந்தபடி நின்றது. தீபக் அதைப் பார்த்து, சவப்பெட்டி வண்டி வந்துவிட்டது என்று முணுமுணுத்தான்.

உள்ளே காப்புறுதிக் கொம்பனியின் சார்பில் ஃப்ராவ் ஷ்டைன்பெக் நின்றாள். ஒல்லியான, கறாரான பெண். சிலையைப் பொலிஸார் படம் எடுத்து, மரத்தூளும் எடுத்துக்கொண்டு, அவளுடைய பொறுப்பில் விட்டிருந்தார்கள். லவினியாவைப் பழைய மொழிபெயர்ப்பு நாட்களிலிருந்து தெரியும் என்பதால் மட்டும் பார்க்க அனுமதித்தாள். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடும்வரை பார்க்கலாம், போட்ட பிறகு சிலை ஹெர் ப்ராண்டினுடையது என்று சொன்னாள். பேனா ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

ப்ராண்ட் அகன்ற தோள்களும் நரைத்த தாடியும் உள்ள மனிதர். லவினியாவின் கையைப் பிடித்து அன்பாகக் குலுக்கினார். யூட் மீது தனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்றும், தன்னுடைய மாதாவைக் கேலிசெய்கிற இந்தப் பொம்மை உலகத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டுமே தன் ஆசை என்றும் சொன்னார்.

லவினியா சிலையைச் சுற்றி நடந்தாள். ஆள் உயரத்தில் பாதி. முன்பக்கம் பளிச்சென்று வர்ணம் பூசியிருந்தது. பின்பக்கம் மரம் வெறுமையாகத் தேய்ந்து கிடந்தது. அங்கே ஓட்டைகள் இருந்தன, விரல் நுழையும் பருமனில். அவள் சுண்டுவிரலை ஒன்றுக்குள் விட்டாள். உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வழுவழுப்பாக இருந்தது.

இப்படிக் குடையும் கப்பல் புழுவை அவளுக்குத் தெரியும். கடலில் கிடக்கும் மரத்துக்குள் புகுந்து, தின்றுகொண்டே போகும். போகும் வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். குருநகரில் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து அடியில் எண்ணெய் பூசுவதே இதற்குப் பயந்துதான். ஆனால் இந்தப் புழுவுக்கு உப்பு வேண்டும். கிழக்கு பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. அங்கே அது உயிர் வாழாது. அதனால்தான் அந்தக் கடலடியில் பழைய கப்பல்கள் பாய்மரம்கூடக் கெடாமல் நிற்கின்றன.

"ஃப்ராவ் ஷ்டைன்பெக், இந்த மரம் ஒருநாளும் பால்டிக் கடலுக்குள் கிடந்ததில்லை," என்றாள் ஜேர்மன் மொழியில், காரணத்தையும் விளக்கினாள்.

ப்ராண்ட் திடுக்கிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சந்தோஷமாகக் கையைத் தட்டினார்.

"அருமை! இதைத்தான் நானும் சொல்கிறேன். என்னுடைய மாதா கிழக்கு பால்டிக்கிலிருந்து வந்தவள், அவளுக்கு ஒரு ஓட்டையும் இல்லை. இதற்கு இருக்கிறது. ஆகவே இது என்னுடையது அல்ல. இதைச் செய்தவன் சூடான கடலோரத்து ஆள். கடலில் கிடந்த மரம் என்றால் ஓட்டை இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அந்தச் சாரதி எந்த ஊர் என்று சொன்னீர்கள்?"

ப்ராண்ட் விடவில்லை. விளம்பரப் புத்தகத்தை வாங்கி, அட்டைப் படத்தைச் சிலைக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் பாம்பின் வாய் அகலத் திறந்திருந்தது. சிலையில் பாம்பின் வாய் மூடி, மேலே சிவப்பாக ஒரு நாக்கு வரைந்திருந்தது. கள்ளச் சிற்பிக்கு இதைக்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை, இரண்டும் வேறு வேறு சிலைகள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார்.

ஷ்டைன்பெக் படத்தையும் பாம்பையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தாளை மேசையில் வைத்து நீவிவிட்டாள்.

"மேடம்," தீபக் காதுக்குள் சொன்னான், "நாம யாருக்கு வேலை பாக்கறோம்னு ஒருவாட்டி கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா? இப்ப நாமளே யூட்டைக் கொண்டுபோய் உள்ள வெச்சுப் பூட்டிட்டோம்."

தான் கண்டுபிடித்த ஒரே தடயம் தன்னுடைய ஆளின் கழுத்தையே இறுக்கிக்கொண்டிருந்தது. ஒசன்டோர்ஃபில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு இருந்த யூட்டை நினைத்தாள். படத்தை மறுபடி பார்த்தாள். திறந்த வாய். மே மாதம் சனம் போய்ப் பார்த்த மாதாவின் காலடியில், திறந்த வாயோடு ஒரு பாம்பு.

திறந்த வாய்.

"தீபக், உங்கட ஊரில ஒரு மாதா கோயிலுக்குப் போனா சனம் என்ன செய்யும்?"

"கும்பிடும். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கும். கம்பி இருந்தா பூட்டு மாட்டும், மரம் இருந்தா கயிறு கட்டும். ஓட்டை இருந்தா..." தீபக் பேச்சை நிறுத்தினான். அவன் முகத்தில் கிண்டல் இல்லாமல் போனது அந்த மாதத்தில் அதுவே முதல் தடவை.

"ஓட்டை இருந்தா எங்கட சனம் சும்மா விட்டிட்டு வந்திருக்குமோ?" என்றபடி லவினியா கைத்தொலைபேசியை எடுத்தாள்.

*

தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். தீபக் ஒவ்வொரு வார்த்தையையும் ஜேர்மன் மொழியில் ஷ்டைன்பெக்குக்குச் சொல்ல வேண்டும் என்றும், எதையும் கூட்டக் கூடாது என்றும் சொன்னாள். ப்ராண்ட் நேரமாகிறது என்றார். ஷ்டைன்பெக் ஒரு தொலைபேசி அழைப்புக்கு மட்டும் அனுமதி என்றாள்.

"அன்ரனிற்றா, லவினியா கதைக்கிறன். ஒண்டு கேக்கிறன், பயப்பிடாமச் சொல்லும். மே மாசம் போனனீங்களெல்லோ, அங்கை மாதாவிட்டை என்ன வைச்சனீர்?"

மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நான் ஒண்டையும் தொடேல்லை அக்கா."

"தொட்டனீரோ எண்டு நான் கேக்கேல்லை. என்ன வைச்சனீர் எண்டுதான் கேக்கிறன்."

"தொடாதேங்கோ எண்டு எழுதியிருந்தது அக்கா. சிலையைப் பழுதாக்கினது எண்டு அவரிலை இன்னொரு கேஸும் போட்டா நான் என்ன செய்யிறது?"

"போடமாட்டினம். நான் நிக்கிறன். சொல்லும்."

"மடு மண்," என்றாள் அன்ரனிற்றா. குரல் உடைந்திருந்தது. "ஒரு நுள்ளு. பிள்ளையின்ர பழைய நீலச் சட்டைத் துணியில முடிஞ்சு கொண்டு போனனான். காலடியில பாம்பு ஆவெண்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மடு மண் இருந்தா விசம் ஏறாதெல்லோ. அதுதான் அதின்ர வாய்க்குள்ள வைச்சு விட்டனான். இவர் இரவு பகலா றோட்டில ஓடுறவர் அக்கா. ஒரு ஆபத்தும் வரக்கூடாதெண்டுதான்."

"ஃபோனை வைக்காதேயும்," என்றாள் லவினியா.

தீபக் ஒன்றையும் கூட்டாமல் மொழிபெயர்த்தான். மடு என்பது மன்னார்க் காட்டுக்குள் இருக்கிற மாதா கோயில் என்றும், அந்த மண் பாம்பு விஷத்துக்கு மருந்து என்று சனம் வீட்டில் வைத்திருப்பார்கள் என்றும் லவினியா விளக்கினாள். ஷ்டைன்பெக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பாம்பின் வாய் மூடியிருக்கிறதே என்றாள்.

ப்ராண்ட் உரக்கச் சிரித்தார். "இல்லாத வாய்க்குள் மண்!"

சிரிப்பு முடிகிற இடத்தில் அவர் பார்வை ஒரு கணம் வாசலில் நின்ற வான் பக்கம் போனதை லவினியா கண்டாள். அது போதும். அவள் முழங்காலில் குந்தி, பாம்பின் சிவப்பு நாக்கில் நகத்தை வைத்து அழுத்தினாள். மரம் என்றால் நகம் இறங்காது. நகம் இறங்கியது.

"மெழுகு," என்றாள்.

ப்ராண்ட் ஒரு அடி முன்னால் வந்து, சிலை தன்னுடையது, யாரும் சுரண்டக் கூடாது என்றார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று ஷ்டைன்பெக் சொன்னாள். கைப்பையைத் திறந்து நகம் ராவும் அரத்தை எடுத்து, வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே குந்தியிருந்து தோண்டத் தொடங்கினாள். சிவப்பு வர்ணம் பொருக்காகக் கழன்றது. அதன் கீழே பழுப்பு மெழுகு சுருள்சுருளாக வந்தது. மெழுகு முடிந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி திறந்தது. அட்டைப் படத்தில் இருந்த அதே வாய்.

அரத்தின் நுனியில் ஒரு நீலத் துணி முடிச்சு சிக்கி வெளியே வந்தது.

ஷ்டைன்பெக் அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு நுள்ளு மண். லவினியாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவும் இல்லை.

ப்ராண்ட் அசரவில்லை. குரலைத் தாழ்த்தி, நியாயம் பேசுகிறவர்போலப் பேசினார். புருஷன் போலிச் சிலை செய்தான். வீட்டில் வைத்து மனைவி மண் வைத்தாள். புருஷன் மெழுகால் அடைத்தான். இன்று ஃபோனில் கதை சொல்கிறாள். இது எதை நிரூபிக்கிறது?

அது நல்ல கேள்விதான். ஷ்டைன்பெக் நிமிர்ந்து லவினியாவைப் பார்த்தாள்.

"மேடம்," என்றான் தீபக். அவன் தரையில் படுத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பாம்பின் வாய்க்குள் அடித்துக்கொண்டிருந்தான். "இது வாய் இல்ல, உண்டியல். இன்னும் இருக்கு."

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மஞ்சள் பூசிய நூல் முடிச்சு ஒன்று. தேய்ந்த பதக்கம் ஒன்று. மிகவும் உள்ளே, புழு குடைந்த வளைவில் சிக்கியபடி, சிவப்புக் கல் வைத்த ஒற்றைத் தோடு ஒன்று.

லவினியா தொலைபேசியைத் தூக்கி, மண்ணைத் தவிர வேறு என்ன வைத்தாய் என்று கேட்டாள்.

"வேற ஒண்டும் இல்லை அக்கா. நான் மட்டும்தான் வைச்சது எண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் தெரியாது."

ஒரே ஒரு அழைப்பு என்ற கணக்கை ஷ்டைன்பெக் மறந்துவிட்டாள். பஸ் ஒழுங்குசெய்த மக்டலீன் அக்காவின் இலக்கத்தைத் தீபக் தன் தொலைபேசியில் அழுத்தினான். கேள்வியில் எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று லவினியா கண்ணால் எச்சரித்தாள். வார்னெமுண்டெ மாதாவிடம் நீங்கள் ஏதாவது விட்டுவிட்டு வந்தீர்களா என்று மட்டும் அவன் கேட்டான்.

பிறகு மக்டலீன் அக்காவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஆர் தம்பி சொன்னது? பஸ்ஸில துலைஞ்சு போச்செண்டுதான் எங்கட இவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். சிவப்புக் கல்லுத் தோடு. பாம்பின்ர வாய்க்குள்ள போட்டனான். மற்றத் தோடு இஞ்சை அலுமாரியில கிடக்குது. கொண்டு வரவோ?"

தீபக் அதை மொழிபெயர்த்து முடித்தபோது, ஷ்டைன்பெக் உள்ளங்கையில் இருந்த தோட்டை விரல் மடக்கி மூடிக்கொண்டாள்.

"ஒற்றைச் சிலைதான், ஃப்ராவ் ஷ்டைன்பெக். இரண்டு இருந்ததே இல்லை," என்றாள் லவினியா. "மே மாதம் இந்தப் பெண்கள் இந்த வாய்க்குள்தான் வைத்தார்கள். ஒருத்தி வைத்தது மற்றவளுக்குத் தெரியாது. புருஷன்மாருக்கே தெரியாத இவற்றை யூட் எப்படித் தேடி எடுத்துப் போலிக்குள் வைத்திருப்பான்? பெண்கள் போன பிறகு, சிலையைப் பெட்டியில் அடைப்பதற்கு முன்னால், யாரோ இந்த வாயை மூடியிருக்கிறார்கள். அட்டைப் படத்துக்கும் சிலைக்கும் ஒரு வித்தியாசம் வேண்டும் என்று மூடியிருக்கிறார்கள். உள்ளே தெரிந்ததைக் குப்பை என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டார்கள்."

அவள் ப்ராண்டின் பக்கம் திரும்பினாள். "மன்னார் என்ற பெயரை யூட் சொன்னபோது உங்களுக்கு அது புதிய பெயர் இல்லை. அதனால்தானே இரண்டு தரம் கேட்டீர்கள்?"

ப்ராண்ட் அங்கிருந்த மரப்பெட்டி ஒன்றில் அமர்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டே பாம்பைப் பார்த்தார்.

"தொடாதீர்கள் என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருந்தேனே," என்றார்.

"தமிழில் எழுதவில்லையே," என்றான் தீபக். கொஞ்சம் யோசித்து, "எழுதியிருந்தாலும் பிரயோசனம் இல்லை," என்று சேர்த்துக்கொண்டான்.

மீதியை ப்ராண்ட் தானாகவே சொன்னார். அடெல்ஹைட் கப்பலை அவர் உண்மையிலேயே கண்டுபிடித்தார். வருஷக்கணக்காக மூழ்கித் தேடியும் உள்ளே மாதா இல்லை. வந்து பார்ப்பதற்கு ஒரு மாதா வேண்டியிருந்தது. கொழும்பில் பழைய பொருள் வியாபாரி ஒருவனிடம் இவளை வாங்கினார். மன்னார்க் கடலில் மீனவர்களின் வலையில் வந்தவள் என்று அவன் சொன்னானாம். எந்தக் கப்பலில் போனவள், எப்போது மூழ்கினாள் என்று அவனுக்கும் தெரியாது, இவரும் கேட்கவில்லை. வாங்கும் ஆட்கள் மரத்தைச் சோதிப்பார்கள் என்று தெரிந்ததும், பழி போடுவதற்கு அந்தக் கடற்கரையிலேயே பிறந்த ஒருவன் தேவைப்பட்டான். பஸ்ஸில் வந்து இறங்கினான் யூட்.

"அப்போ இவங்களும் வேற பேர்ல, வேற பேப்பர்ல ஜெர்மனிக்கு வந்தவங்கதான்," என்று தீபக் மாதாவைப் பார்த்துச் சொன்னான். இந்தத் தடவை அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஷ்டைன்பெக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நான்காகக் கிழித்தாள். ஜன்னலோரமாகப் போய், முதலில் அரச வழக்கறிஞரின் அலுவலகத்துக்கும் பிறகு பொலிஸுக்கும் பேசினாள். திரும்பி வந்து, வழக்கறிஞர் இன்று பின்னேரமே நீதிபதியிடம் போகிறார், சாரதி இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம் என்றாள். அதைச் சொன்னபோது அவளுடைய கறார்க் குரலிலும் ஒரு தடுமாற்றம் இருந்தது.

லவினியா மேசையில் கிடந்த தொலைபேசியை எடுத்தாள். அன்ரனிற்றா இன்னும் வைக்கவில்லை. ஜேர்மன் பேச்சில் பாதியைக் கேட்டு, ஒன்றும் சரியாக விளங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். லவினியா நடந்ததைச் சொன்னாள். யூட்டை விடப்போகிறார்கள், இனிப் பயமில்லை என்றாள்.

மறுபக்கத்தில் அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஆனால் கேள்விதான் வந்தது.

"அக்கா, அந்த மண்ணை வெளியில எடுத்துப் போட்டீங்களோ?"

"ஓம். எடுத்தபடியாத்தானே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது."

"திரும்ப வைச்சு விடுங்கோ அக்கா," என்றாள் அன்ரனிற்றா. "அவர் இன்னும் வீட்டை வந்து சேரேல்லை."

லவினியா வெள்ளைத் தாளைப் பார்த்தாள். அது சாட்சிப் பொருள். தொடக் கூடாது. ஷ்டைன்பெக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் லவினியாவின் முகத்தையும் தாளையும் பார்த்துவிட்டு, மழை விட்டுவிட்டதா என்று பார்க்கிறவள்போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

லவினியா இரண்டு விரல்களால் கொஞ்ச மண்ணை நுள்ளி எடுத்தாள். குந்தியிருந்து, பாம்பின் வாய்க்குள் அதை வைத்தாள்.